மணவிலக்கு வந்தால் வீடு யாருக்கு?



ஒரு பிள்ளையின் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை அறிய ஆசிரியைக்கு அதிக நாள் பிடிக்காது. புத்தகப்பையே சொல்லிவிடும். போன வருடம் என் வகுப்பில் ஒரு பையன் திங்கள், செவ்வாயில் கணிதப் புத்தகத்தோடு வருவான். புதன்கிழமை வந்தால் புத்தகம் இராது. "எங்கேடா?" என்று கேட்டால், "அந்த வீட்டில இருக்கு டீச்சர்" என்பான். மறுநாள் கேட்டால், "இப்ப இந்த வீட்டில இல்ல டீச்சர்." பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த வீடு, இந்த வீடு என்று இரண்டாகிவிட்டது. தன் வீடு எது என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

நம் பத்திரிகையில் மணவிலக்கைப் பற்றி எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். குடும்பத்தைச் சேர்த்து வைக்க எழுதாமல் பிரித்து வைக்கவா எழுதுகிறாய் என்பார்கள். சேர்ந்து வாழ முடிந்தவர்கள் சேர்ந்தே வாழட்டும். முடியாமற்போனவர்களைப் பற்றியே பேசுகிறேன். அவர்கள் பிரியும்போது தாலி, நகை, சொந்தபந்தம் எல்லாவற்றையும் பற்றி ஊரே பேசுகிறது. வீட்டைப் பற்றி மட்டும் யாரும் உட்கார்ந்து தெளிவாகப் பேசுவதில்லை. கடைசியில் வாய் பெரிதாக உள்ளவருக்கு வீடு, வாயில்லாதவருக்கு வாடகை அறை என்று முடிந்துவிடுகிறது.

என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா முறை, ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தாள். திருமணமாகி நான்காம் ஆண்டில் வாங்கிய வீடு. கிராண்டில் அத்தான் பெயர் மட்டும். வங்கிக் கடனும் அவர் பெயரில்தான். பதினெட்டு ஆண்டுகள் கழித்து இருவருக்கும் ஒத்துவராமற்போனது. காரணம் இங்கே தேவையில்லை. உறவினர்கள் கோயில் மண்டபத்தில் கூடினார்கள். ஒரு பெரியவர் காகிதத்தில் எழுதியே கொண்டுவந்துவிட்டார்: அக்கா ஐயாயிரம் வெள்ளி வாங்கிக்கொண்டு வீட்டை விட்டுவிட வேண்டும், "வீடு அவன் பேர்ல இருக்கு, அவன் சம்பளத்துல கட்டுனது" என்பது அவர் சொன்ன நியாயம். அக்கா கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டாள். "எதுக்குடி கோர்ட்டு கேசெல்லாம், மானம் போயிடும்" என்றாள் என்னிடம். நான் பேனாவை வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அந்தப் பெரியவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

அன்று இரவுதான் அக்கா அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினாள். உள்ளே அடகுச் சீட்டுகள். வீட்டிற்கு முன்பணம் கட்ட அவளுடைய வளையலும் ஆரமும் அடகுக்கடைக்குப் போன சீட்டு; அவள் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்து வட்டி கட்டிய சீட்டு; மீட்க முடியாமல் ஆரம் ஏலத்தில் போனபோது வந்த அறிவிப்பு. தரைக்கு ஓடு பதித்த கடைக்காரரின் ரசீது. ஜன்னலுக்குக் கம்பி போட்டவர் பென்சிலால் எழுதிக் கொடுத்த துண்டுக் காகிதம். இவற்றையெல்லாம் ஏன் வைத்திருந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "தூக்கிப் போட மனசு வரல" என்றாள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தையும் மணவிலக்கையும் ஆள்வது 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம். அது நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1ஆம் தேதி. (முஸ்லிம்களுக்கு ஷரியா நீதிமன்றம், அங்கே 'ஹர்த்தா செப்பென்சாரியான்' என்ற முறை உண்டு. அது இந்தக் கட்டுரையில் இல்லை.) அதன் 76ஆம் பிரிவுதான் வீட்டைப் பற்றியது. மணவாழ்க்கையில் சேர்ந்த சொத்தை இருவருக்கும் பிரித்துக் கொடுக்கவோ, விற்றுப் பணத்தைப் பகிரவோ நீதிமன்றம் உத்தரவிடலாம்.

முன்பு அந்தப் பிரிவில் ஒரு வேறுபாடு இருந்தது. இருவரும் உழைத்துச் சேர்த்த சொத்து என்றால் சமமாகப் பிரிப்பதை நோக்கி நீதிமன்றம் சாயும். ஒருவரே சம்பாதித்தது என்றால் சம்பாதித்தவருக்குப் பெரும்பங்கு. 2017இல் நாடாளுமன்றம் திருத்தி, 2018 டிசம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வாசகத்தில் அந்த வேறுபாடு நீங்கிவிட்டது. இப்போது நீதிமன்றம் பார்ப்பது: பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ யார் எவ்வளவு கொடுத்தார்கள், சம்பாதிக்காதவர் வீட்டையும் குடும்பத்தையும் எப்படிக் கவனித்தார், குடும்பத்துக்காக வாங்கிய கடன் என்ன, சிறு பிள்ளைகளின் தேவை என்ன, திருமணம் எத்தனை ஆண்டு நீடித்தது. இவற்றைப் பார்த்த பின் சமபங்கை நோக்கியே சாய வேண்டும். சமபங்கு தானாகக் கிடைத்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். சாய்வு என்பது வேறு, உறுதி என்பது வேறு.

ஆக, கிராண்டில் பெயர் இல்லை என்பதற்காக ஒரு பெண் வெறுங்கையோடு போக வேண்டியதில்லை. 1973இல் இங்கிலாந்தில் டென்னிங் பிரபு அமர்ந்திருந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் குடும்ப வீட்டைக் குடும்பச் சொத்தாகவே பார்த்தது. கணவன் பெயரில் இருந்தாலும் மனைவிக்குப் பங்கு கொடுத்தது. நம் நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1990களில் குடும்ப வீடு பிரிவினைக்கு உட்பட்டது என்று கூறியிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து ஒரு செய்தி: 2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னார். கணவர் சவூதி அரேபியாவில் வேலை செய்து பணம் அனுப்பினார். மனைவி நெய்வேலியில் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு சொத்து வாங்கினார். பணம் என்னுடையது என்று கணவர் வழக்குப் போட்டார். மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் அவரால் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அவளுக்கும் பங்குண்டு என்றார் நீதிபதி. அது மணவிலக்கு வழக்கன்று. இந்தியாவில் இதற்கென்று நம்முடையதைப் போன்ற சட்டப்பிரிவும் இல்லை. அப்படி இருந்தும் நீதிபதி அந்த முடிவுக்கு வந்தார். வேலைக்குப் போகாத சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் அடிப்படையாக ஒன்று வேண்டும்: திருமணப் பதிவு. பதிவு செய்யப்பட்ட, அல்லது பதிவானதாகச் சட்டம் கருதும் திருமணத்தைத்தான் நீதிமன்றம் கலைக்க முடியும். 1982க்கு முன் வழக்கப்படி நடந்த திருமணங்களைப் பதிவானதாகவே சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பின் நடந்தவை பதிவாகியிருக்க வேண்டும். கோயிலில் தாலி கட்டி, ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டு, பதிவை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டவர்களைத் தோட்டத்தில் நான் இன்னும் பார்க்கிறேன். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை என்னிடம் கொண்டுவரும்போது அது தெரிந்துவிடும். வீட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் திருமணத்தையே நிரூபிக்க வேண்டிய நிலை அவர்களுக்கு.

மணவிலக்குக்கு இரண்டு வழிகள். இருவரும் சம்மதித்துச் சேர்ந்து மனுப் போடலாம். திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். சம்மதம் இல்லையென்றால் ஒருவர் மட்டும் மனுச் செய்யலாம். ஆனால் பொதுவாக முதலில் தேசியப் பதிவு இலாகாவின் சமரசக் குழுவின் முன் போய் வர வேண்டும். பினாங்கில் வழக்கு நடப்பது லைட் ஸ்திரீட்டில் உள்ள உயர் நீதிமன்றத்தில். முதல் தீர்ப்பு வந்து மூன்று மாதம் கழித்துத்தான் முடிவான தீர்ப்பு.

சம்மத மனுதான் செலவும் மனக்கசப்பும் குறைந்தது. ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. வீட்டை என்ன செய்வது என்பதை நீதிபதி எழுதுவதில்லை, நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தகுந்த ஏற்பாடு உண்டா என்று நீதிமன்றம் பார்க்கும். என்றாலும் வரிக்கு வரி உங்களுக்காக யோசிக்காது. "வீட்டை விற்றுப் பாதிப்பாதி" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு வருபவர்கள்தான் அதிகம். எப்போது விற்பது? எந்த விலைக்குக் குறையாமல்? மதிப்பீட்டாளர் யார்? விற்கும் வரை தவணை யார் கட்டுவது? அதுவரை யார் குடியிருப்பது? வாங்க ஆள் வராவிட்டால்? ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால்? இத்தனைக்கும் பதில் அந்தக் காகிதத்தில் இல்லாவிட்டால் மணவிலக்கு முடிந்தும் சண்டை முடியாது.

அக்காவின் காகிதத்தை வழக்கறிஞரோடு உட்கார்ந்து மூன்று தடவை திருத்தினோம். கடைசியில் முடிவானது இது: இளைய பெண் ஐந்தாம் படிவம் முடிக்கும் வரை அக்காவும் பிள்ளைகளும் அதே வீட்டில் இருப்பது, தவணையில் பாதியை அத்தான், பாதியை அக்கா, பிறகு விற்று, கடன் போக மிச்சம் சரிபாதி, அக்கா விரும்பினால் அன்றைய மதிப்பில் அத்தானின் பாதியை முதலில் வாங்கும் உரிமை அவளுக்கு. அத்தான் ஒத்துக்கொண்டார். பிஸ்கட் டின்னை வழக்கறிஞரின் மேசைமேல் கவிழ்த்தபோது அவர் அந்த ஏல அறிவிப்பை எடுத்து வெகுநேரம் பார்த்தார். "இது எனக்குத் தெரியாதே" என்றார். ஆரம் ஏலத்தில் போனதை அக்கா அவரிடம் சொல்லவே இல்லை. அந்த மனிதரும் கெட்டவர் அல்லர்.

இவ்வளவு எழுதியும் ஒன்றை விட்டுவிட்டோம். அடுக்குமாடியின் மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணமும் பழைய பாக்கியும் யாருடையது என்று எழுதவில்லை. ஆறு மாதத்தில் நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. இருவரும் நீ கட்டு, நான் கட்டு என்று மறுபடியும் முறைத்துக்கொண்டார்கள். ஆகவே, இந்தக் கட்டணம், சேமநிதி, மாநகர் மன்றத்தின் வீட்டு வரி, நில வரி, தண்ணீர் பில், தீக்காப்புறுதி எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுதி வையுங்கள்.

வங்கியைப் பற்றி ஒரு வார்த்தை. நீதிமன்றத் தீர்ப்பு கணவன் மனைவிக்கு இடையில்தான். வங்கியோடு செய்த ஒப்பந்தம் அப்படியே நிற்கும். கடன் இருவர் பெயரிலும் இருந்து, வீடு ஒருவருக்கு என்று தீர்ப்பானாலும், மற்றவர் பெயரை வங்கி விடுவிக்கும் வரை அவரும் கடனாளிதான். தவணை தவறினால் இருவரின் கடன் பதிவிலும் கறை விழும். வீட்டை எடுத்துக்கொள்பவர் தன் சம்பளத்தைக் காட்டிக் கடனைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். அந்தச் சம்பளம் போதாது என்று வங்கி சொல்லிவிட்டால் "எனக்கு வீடு வேண்டும்" என்ற பிடிவாதத்தால் பயனில்லை. வழக்கறிஞரிடம் போவதற்கு முன்பே வங்கிக்குப் போய் மிச்சக்கடன் எவ்வளவு, தனியாக எடுத்தால் மாதம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். சில பெண்கள் வீட்டைப் பிடித்துக்கொண்டு அரிசிக்குத் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். பாசத்தால் பிடிப்பது வேறு, கட்ட முடிந்து பிடிப்பது வேறு.

மலிவு விலை வீடாக இருந்தால் கிராண்டைப் பாருங்கள். பலவற்றில் மாநில அரசின் அனுமதியின்றிப் பெயர் மாற்றக்கூடாது என்ற கட்டுப்பாடு அச்சடித்திருக்கும். கொம்தார் கட்டடத்தில் உள்ள நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி அதிகாரபூர்வத் தேடல் செய்தால் வீடு யார் பெயரில், எந்த வங்கிக்கு ஈடு, என்ன கட்டுப்பாடு எல்லாம் தெரிந்துவிடும். கணவர் சொன்னார், மாமியார் சொன்னார் என்று நம்ப வேண்டியதில்லை.

மாமியார் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம்மவர்களில் எத்தனையோ பேர் மாமனார், மாமியார் பெயரில் உள்ள வீட்டில்தான் வாழ்கிறோம். 76ஆம் பிரிவு பிரிப்பது கணவன் மனைவியின் சொத்தை. மாமியாரின் வீட்டை நீதிமன்றம் மருமகளுக்குப் பிரித்துத் தராது. அந்த வீட்டுக்கு மாடி எடுக்கவும் சமையலறை நீட்டவும் உங்கள் பணம் போயிருந்தால் அதை நிரூபித்து வாங்குவது தனிப் போராட்டம். திருமணத்துக்கு முன்பே கணவர் தன் பெயரில் வாங்கிய வீடு என்றால் அப்படியல்ல. மணவாழ்க்கையின்போது மனைவியின் உழைப்பாலோ இருவரின் கூட்டு முயற்சியாலோ அது கணிசமாக மேம்பட்டிருந்தால் அதுவும் பிரிவினைக்குள் வரும். அந்த ஓடு பதித்த ரசீதுக்கு மதிப்பு வருவது இங்கேதான்.

ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு வாடகை வீட்டின் கதை தெரியும். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை மார்க்கெட் ஸ்திரீட், குவீன் ஸ்திரீட் பக்கத்தில் சொற்ப வாடகைக்குத் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தார்கள். 1997இல் அதை நீக்கச் சட்டம் வந்து, 2000 ஜனவரி முதல் பாதுகாப்பு போய்விட்டது. அறைகள் காலியாயின. இப்போது வாடகைக்கு இருப்பவர்கள் பிரியும்போது சண்டை போட வேண்டியது சுவருக்காக அல்ல, ஒப்பந்தக் காகிதத்துக்காக. ஒப்பந்தம் கணவர் பெயரில் இருந்தால் வீட்டுக்காரரிடம் நேராகப் பேசி உங்கள் பெயரில் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள். முன்பணம் யாருக்குத் திரும்பும் என்பதையும் கேளுங்கள்.

தோட்டத்து வாசகர்களுக்கு இன்னும் கஷ்டம். லயத்து வீடு நம்முடையதல்ல, வேலையுடையது. 1950களில் தோட்டத் துண்டாடல் நடந்தபோது நம் தாத்தா பாட்டிமார் ஒரே உத்தரவில் வேலையையும் வீட்டையும் சேர்த்து இழந்தார்கள். அந்த அடிதான் 1960இல் துன் சம்பந்தனைத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்க வைத்தது. செபராங் பிறையில் நான் வேலை செய்யும் பள்ளியைச் சுற்றி இப்போது பால்மரமே இல்லை. பெயர்ப்பலகையில் மட்டும் தோட்டம் இருக்கிறது. தோட்டம் விற்கப்படும்போது தொழிலாளருக்கு மாற்று வீடு கொடுப்பதாகப் பேச்சு வரும். பட்டியலில் பெரும்பாலும் குடும்பத் தலைவர் என்று ஆண் பெயரைத்தான் எழுதுகிறார்கள், மனைவியும் அதே தோட்டத்தில் இருபது ஆண்டு பால் வெட்டியிருந்தாலும். பட்டியல் எடுக்க வரும் அன்றைக்கே, "என் பெயரையும் எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். சம்பளச் சீட்டைக் காட்டுங்கள். பிறகு சொன்னால் கேட்க ஆள் இருக்காது.

அடி உதை இருக்கும் வீட்டுக்கு நான் மேலே எழுதிய பொறுமை பொருந்தாது. முதலில் உயிர். குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் நிறைவேறி 1996 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பாதுகாப்பு உத்தரவோடு, இருவரும் வாழ்ந்த வீட்டில் பாதிக்கப்பட்டவர் மட்டும் குடியிருக்கும் உரிமையையும் நீதிமன்றம் கொடுக்கலாம். அடித்தவர்தான் வெளியே போக வேண்டும் என்று உத்தரவு வரக்கூடும். இது பலருக்குத் தெரியாது. பினாங்கில் 1985இலிருந்து இயங்கிவரும் பெண்கள் மையம் ஒன்று உண்டு, டபிள்யூசிசி என்று சொன்னால் தெரியும். ஆலோசனை சொல்வார்கள், கூடவும் வருவார்கள். இரவில் என்றால் 15999 என்ற தாலியான் காசே எண்ணில் அழைக்கலாம். வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவிலும், பினாங்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலும் விசாரிக்கலாம்.

வீட்டைவிட்டு வெளியேறினால் பங்கு போய்விடும் என்ற பயம் ஒன்று உலவுகிறது. வெளியேறியதாலேயே 76ஆம் பிரிவு உரிமை அற்றுப்போவதில்லை. ஆனால் வெறுங்கையோடு வெளியேறாதீர்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், வாங்கும்போது போட்ட ஒப்பந்தத்தின் நகல், வங்கிக் கணக்கறிக்கை, ரசீதுகள். அசல் கிடைக்காவிட்டால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதே நேரம் பூட்டை மாற்றுவது, அவர் துணிமணிகளை வாசலில் எறிவது போன்றவற்றை ஆணும் செய்ய வேண்டாம், பெண்ணும் செய்ய வேண்டாம். நீதிபதி முன் அது உங்களுக்கே எதிராக நிற்கும்.

இடையில் அவர் வீட்டை விற்றுவிட்டால்? வழக்கு நடக்கும்போது, மனைவியின் உரிமையைப் பறிக்கும் நோக்கோடு சொத்தைக் கைமாற்றுவதைத் தடுக்கவும், மாற்றியதை ரத்து செய்யவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நில அலுவலகத்தில் தனியார் 'கேவியட்' பதிவதும் ஒரு வழி. அது ஆறு ஆண்டு நிற்கும். ஆனால் மனைவியின் கோரிக்கைக்கு அது எல்லா வழக்கிலும் நிலைக்கும் என்று சொல்வதற்கில்லை. எதிர்த்து மனுப் போட்டால் நீங்கவும் கூடும். விற்கப்போகிறார் என்று சந்தேகம் வந்த நாளே வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். விற்ற பிறகு அழுவதைவிட அது நல்லது.

என் மாணவனின் பெற்றோர் வீட்டைப் பற்றி இன்னும் முடிவுக்கு வரவில்லை. இருவரையும் பள்ளிக்கு அழைத்து ஒன்றே ஒன்று கேட்டேன்: வழக்கு முடியும்வரை பிள்ளையின் புத்தகங்கள் ஒரே இடத்தில் இருக்கட்டும், அந்த இடம் என் வகுப்பறை அலமாரியாக இருந்தாலும் சரி. ஒத்துக்கொண்டார்கள். இப்போது கணிதப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது.

அக்காவுக்குப் போன மாதம் முடிவான தீர்ப்பு கைக்கு வந்தது. மறுநாள் அவளைச் சேமநிதி வாரியத்துக்கு அழைத்துப்போனேன். பதினாறு ஆண்டுக்கு முன் அவள் எழுதிக் கொடுத்த நியமனதாரர் இன்னும் அத்தான்தான். அதை அவர்களாக மாற்றமாட்டார்கள். நாம்தான் மாற்ற வேண்டும். உயிலும் அப்படித்தான்: திருமணம் செய்தால் பழைய உயில் செல்லாமற்போகும், ஆனால் மணவிலக்கால் மட்டும் உயில் ரத்தாவதில்லை. பாரத்தில் இரண்டு பிள்ளைகளின் பெயரையும் எழுதிவிட்டு, பெருவிரலைப் பதித்துவிட்டு, வரும் வழியில் அக்கா பிஸ்கட் டின் வாங்க வேண்டும் என்றாள். பழையது நிறைந்துவிட்டதாம்.